மூட்டு அதிகமுள்ள ஃபிகரா, அசையாத ஃபிகரா? ஷோகேஸுக்கு வாங்கும் முன்

ஆக்‌ஷன் ஃபிகர்களை, அதாவது கதாபாத்திரங்களின் உருவத்தில் வரும் பொம்மைகளை, கையில் வைத்து விளையாடுவதற்காக இல்லாமல், ஷோகேஸில் நிறுத்திப் பார்ப்பதற்காகவே வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, சென்னை மாதிரி வெக்கையும் ஈரக்காற்றும் சேர்ந்த ஊரில் இருப்பவர்களுக்காக. முழங்கை, முழங்கால், கணுக்கால் எல்லாம் மடங்கும் விலை உயர்ந்த ஃபிகர்களுக்கு நான் செலவழித்ததில் 20,000 ரூபாய்க்கு மேல் உடைந்தும் தளர்ந்தும் போய்விட்டது. பணம்கூடப் பரவாயில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அவற்றை நிமிர்த்தி நிறுத்துவதிலேயே கழிந்தன. அப்போது சந்தேகம் கேட்க எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. வீடியோ போடுகிறவர்கள் ஃபிகரைப் பெட்டியிலிருந்து எடுத்து, கை காலை மடக்கிக் காட்டி, "முப்பது பாயிண்ட் ஆர்டிகுலேஷன்" (முப்பது இடத்தில் மூட்டு) என்று பாராட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். ஒரு கோடை தாண்டிய பிறகு அதே ஃபிகர் எப்படி நிற்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. அந்தக் கோடைக்குப் பிந்தைய கதைதான் இது.

எனக்கு இந்தப் பித்து சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. எங்கள் காலத்துப் பையன்கள் பலருக்கும் முதல் ஆக்‌ஷன் ஃபிகர் ஃபன்ஸ்கூல் விற்ற ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரன் பொம்மையாகத்தான் இருந்திருக்கும். ஃபன்ஸ்கூல் எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த சென்னைக் கம்பெனி என்பது பெரியவனான பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனியுடன் சேர்ந்து 1987ல் தொடங்கியிருக்கிறார்கள். அந்த ஜி.ஐ. ஜோ கைக்குள் அடங்கிவிடும், மூணேமுக்கால் அங்குலம்தான். ஆனால் முழங்கை மடங்கும், முழங்கால் மடங்கும், இடுப்பு திரும்பும். பக்கத்து வீட்டுப் பையனிடம் இருந்த பொம்மைக்குக் கையும் காலும் மட்டும்தான் நேராக மேலும் கீழும் ஆடும். என்னுடையது உட்காரும், மண்டிபோடும், துப்பாக்கியைக் குறி பார்க்கும். மூட்டு அதிகம் என்றால் உசத்தி என்ற எண்ணம் அங்கேயே மனதில் பதிந்துவிட்டது.

பொம்மை உலகமே அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. 1964ல் ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த 12 அங்குல ஜி.ஐ. ஜோவை 21 அசையும் பாகங்கள் என்று சொல்லித்தான் விற்றார்கள். 1978ல் கென்னர் கம்பெனி விட்ட ஸ்டார் வார்ஸ் ஃபிகர்களுக்கு மொத்தமே ஐந்து மூட்டு: கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு. அதே அளவில் 1982ல் ஜி.ஐ. ஜோ திரும்பி வந்தபோது மூட்டுகள் கூடின. 2002ல் டாய் பிஸ் கம்பெனி தொடங்கிய மார்வெல் லெஜெண்ட்ஸ் வரிசை 6 அங்குலத்துக்குள் விரல்வரை மடங்கும் ஃபிகர்களைக் கொண்டுவந்தது. 2008ல் ஜப்பானில் பண்டாய் கம்பெனியின் எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸ், மேக்ஸ் ஃபேக்டரியின் ஃபிக்மா என்ற ஃபிகர் வரிசைகள் வந்தபோது, உயிருள்ள ஆள் மாதிரி எந்த போஸிலும் நிறுத்தலாம் என்ற அளவுக்குப் போய்விட்டது. இதையெல்லாம் படித்துவிட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த ஒருவன் எதை வாங்குவான்? மூட்டு அதிகமுள்ளதைத்தான்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். ஹாலில் சுவரோரம் ஒரு கண்ணாடி ஷோகேஸ் செய்யச்சொல்லி, நான்கு தட்டு போட்டு, உள்ளே விளக்கும் வைத்தாயிற்று. மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி ஒவ்வொன்றாக வாங்கினேன். ஜப்பான் ஃபிகர் ஒன்று இங்கே கைக்கு வந்து சேரும்போது ஏழாயிரம், எட்டாயிரம் ஆகிவிடும். முதல் சில வாரங்கள் சந்தோஷமாகவே போயின, அதை மறுக்க மாட்டேன். பெட்டியைத் திறந்ததும் வரும் அந்த பிளாஸ்டிக் வாசம், மாற்றிப் போட ஐந்தாறு ஜோடிக் கைகள், கோபமுகம், சிரித்தமுகம் என்று தனித்தனித் தலைகள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு போஸ் பிடிப்பதற்குள் பதினோரு மணி ஆகிவிடும்.

முதல் அடி சீக்கிரமே விழுந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் 7 அங்குல ஃபிகர். முகமும் உடையும் அவ்வளவு தத்ரூபம். பெட்டியிலிருந்து எடுத்ததும் முழங்கையை மடக்கப் பார்த்தேன், அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். "டிக்" என்ற சின்னச் சத்தத்தோடு முன்கை கழன்று கையோடு வந்துவிட்டது. நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். விற்றவரிடம் கேட்டதற்கு, பெட்டியைத் திறந்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று ஒரே வரியில் பதில். அழுகை வராத குறை.

தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்து முழுதாகக் காய்வதற்குள் மூட்டைப் பொருத்தினால், பெயிண்டே பசை மாதிரி மூட்டின் ஆணியையும் குழியையும் ஒட்டிவிடும். புது ஃபிகரில் எந்த மூட்டு இறுக்கமாக இருந்தாலும் பலம் காட்டக் கூடாது. ஒரு டம்ளரில் வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம்; விரல் வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் சூடு போதும். அந்த மூட்டை மட்டும் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, துணியால் பிடித்து, முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் திரும்ப முக்குங்கள். ஹேர் டிரையரும் உதவும், ஆனால் பெயிண்டுக்கு அருகே ரொம்ப நேரம் பிடிக்கக் கூடாது. எண்ணெய் விட வேண்டுமென்றால் சிலிக்கான் எண்ணெய் மட்டும்தான். ரிமோட் கார் பாகங்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். வீட்டில் இருக்கிறதே என்று தையல் மெஷின் எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ விடாதீர்கள். முதலாவது சிலவகை பிளாஸ்டிக்கில் நாளடைவில் வெடிப்பு விடவைக்கும்; இரண்டாவது பிசுபிசுத்து, சிக்குவாடை அடித்து, தூசியை இழுக்கும்.

இரண்டாவதாக வந்தது போலி. இணையத்தில் ஒரு விற்பனையாளர் எட்டாயிரம் ரூபாய் ஃபிகரை இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் போட்டிருந்தார். ஒரிஜினல், பெட்டி மட்டும் லேசாக நசுங்கியது என்று எழுதியிருந்தார். வந்ததை நிறுத்தினால் நிற்கவே இல்லை. இடுப்பு ஒருபக்கம் சாய, கால் விரிந்துகொண்டே போனது. மூட்டு அதிகமுள்ள ஃபிகரில் போலிக்கும் அசலுக்கும் வித்தியாசம் முகத்தைவிட மூட்டில்தான் அதிகம் தெரியும். ஆணியும் குழியும் தலைமுடி அளவு பிசகினாலும் பிடிப்பு போய்விடும். அசையாத ஃபிகரின் போலியில் பெயிண்ட் மட்டமாக இருக்கும், முகம் கோணும், ஆனாலும் நிற்கும். மூட்டுள்ள போலி எதற்குமே உதவாது. விலை பாதிக்கும் கீழே இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இதெல்லாம் சில்லறை நஷ்டம். பெரிய அடி ஒரு மே மாதத்தில் விழுந்தது. ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டோம். அக்னி நட்சத்திர வெயில், ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது, ஹால் சுவரோ மேற்குப் பார்த்தது. திரும்பிவந்து கதவைத் திறந்ததும் ஷோகேஸைத்தான் பார்த்தேன். மேல் தட்டில் இருந்த வரிசை முழுக்கச் சரிந்து கிடந்தது. ஒன்று சாய்ந்து பக்கத்திலிருந்ததைத் தள்ளி, அது அதற்கடுத்ததைத் தள்ளி, இரண்டு கண்ணாடிக் கதவில் மோதி நின்றிருக்கின்றன. ஸ்பைடர்மேனின் கணுக்காலில் இருந்த குண்டுமணி அளவு பந்து, குழிக்குள்ளேயே முறிந்து உட்கார்ந்திருந்தது. பாதம் தனியே தட்டில் நின்றுகொண்டிருந்தது, உடம்பு இரண்டடி தள்ளிக் கிடந்தது. இன்னொன்றுக்கு விரல்கள் போயிருந்தன, வேறொன்றின் கறுப்புப் பூட்ஸ் சாயம் பக்கத்து ஃபிகரின் வெள்ளை உடையில் அப்பியிருந்தது. பயணப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து சிதறிய துண்டுகளைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள்.

ஏன் விழுந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. இந்த ஃபிகர்களின் பெரும்பாலான மூட்டுகள் உராய்வில்தான் நிற்கின்றன. குழிக்குள் ஒரு பந்தோ ஆணியோ இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், அந்த இறுக்கம்தான் பிடிப்பு. பிளாஸ்டிக்கை ஒரே பக்கமாக நாள்கணக்கில் அழுத்திக்கொண்டே இருந்தால் அது மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும். வெப்பம் ஏற ஏற இது வேகமாகும். மென்மையான பி.வி.சி. பாகங்களுக்கு இது இன்னும் அதிகம். நிற்கும் ஃபிகரில் உடம்பின் மொத்தப் பாரமும் இரண்டு கணுக்கால்களில்தான் இறங்குகிறது, அதுவோ மொத்த ஃபிகரிலேயே சின்ன மூட்டு. கணுக்கால், முழங்கால், இடுப்பு என ஒவ்வொன்றும் கடுகளவு விலகினால் போதும், தலை பாதத்தை விட்டு வெளியே போய்விடும். ஐந்து மூட்டு ஃபிகரில் இப்படி விலக இடுப்பு ஒன்றுதான் இருக்கிறது. முப்பது மூட்டில் எத்தனை இடம் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய அந்த மூட்டுகளை, போஸ் பிடித்த ராத்திரிக்குப் பிறகு நான் தொட்டதே இல்லை. ஆனால் அவை மட்டும் ஓய்வில்லாமல் பாரத்தைத் தாங்கித் தளர்ந்துகொண்டே இருந்தன.

உங்களிடம் ஏற்கெனவே இப்படிப்பட்டவை இருந்தால் நிறுத்தும் விதத்தை மாற்றுங்கள். முழங்காலை லேசாக மடக்கி வைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பாரம் முழுக்க மூட்டில் ஏறும். முழங்காலை நேராகப் பூட்டி, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, ஒரு பாதத்தைக் கொஞ்சம் முன்னே வையுங்கள். பிறகு பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: தலைக்கு நேர் கீழே பாதங்கள் இருக்க வேண்டும். ஒற்றைக்காலில் நிற்பது, பாய்வது, உதைப்பது மாதிரி போஸுக்கெல்லாம் ஸ்டாண்ட் இல்லாமல் கை வைக்காதீர்கள். இடுப்பைக் கவ்விப்பிடிக்கும் கையுள்ள ஸ்டாண்ட் ஒன்றுக்கு நானூறிலிருந்து எண்ணூறு ரூபாய் ஆகிறது. விலை ஒப்பிடும்போது யாரும் இதைச் சேர்ப்பதில்லை. பத்து ஃபிகருக்கு ஸ்டாண்ட் வாங்கினால் அதுவே ஒரு நல்ல ஃபிகரின் விலை. வெறுமனே நிற்கும் ஃபிகருக்கு உள்ளங்காலில் பட்டாணி அளவு ஒட்டுப் பசைமண் வைத்தால் போதும், படம் ஒட்டப் பயன்படுத்துவோமே அதுதான்.

தளர்ந்த மூட்டுக்குப் பலரும் நெயில் பாலிஷ் பூசச் சொல்வார்கள். சில பிளாஸ்டிக்கை அதிலுள்ள கரைப்பான் தின்றுவிடும். ஓவியப் பொருள் கடையில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் கிடைக்கிறது. மூட்டைக் கழற்றி, பந்தின் மேல் மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். போதவில்லையென்றால் இன்னொரு பூச்சு. அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினால் மூட்டு ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு திரும்பவும் வெந்நீர்க் கதைதான்.

ஸ்பைடர்மேனின் கணுக்காலுக்கு வேறு வைத்தியம் பார்த்தேன். பாதத்திலும் காலிலும் கைத்துளைக்கருவியால் 1 மி.மீ. ஓட்டை போட்டு, ஜெம் கிளிப்பை வெட்டி உள்ளே செருகி, எபாக்ஸி பசை வைத்து மூடினேன். இன்ஸ்டன்ட் பசை வைத்திருந்தால் அதன் ஆவி பட்டு சுற்றியுள்ள பெயிண்டில் வெள்ளையாகப் பூத்துவிடும், அதனால் எபாக்ஸிதான். இனி அந்தக் கணுக்கால் மடங்காது. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஃபிகர் ஒருமுறைகூட விழவில்லை. அடுத்த கோடையிலும் அப்படியே நின்றது. ஷோகேஸில் வைக்கும் பொருளுக்கு மூட்டு எதற்கு என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் எழுந்தது.

அதே சமயத்தில் மைத்துனர் பிறந்தநாளுக்கு பன்பிரெஸ்டோ என்ற ஜப்பான் பிராண்டின் கோகு (டிராகன் பால் கதாநாயகன்) ஃபிகர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஜப்பானில் கிரேன் மெஷினில் நாணயம் போட்டுக் கொக்கியால் பிடிப்பார்களே, அதில் பரிசாக வைப்பதற்காகச் செய்யும் வகை. இங்கே இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது. எந்த மூட்டும் கிடையாது. கால் இரண்டையும் பீடத்தில் செருகினால் வேலை முடிந்தது. அதை என்னுடைய எட்டாயிரம் ரூபாய் கோகுவுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசற்படியில் நின்று பார்த்தபோது விலை குறைந்ததுதான் கண்ணை இழுத்தது. காரணம் கிட்டே போய்ப் பார்த்தால் தெரிகிறது. மூட்டுள்ளதில் முழங்கை மடியும் இடத்தில் இரண்டு வட்ட முடிச்சு, தோளில் ஒரு வெட்டு, தொடை இடுப்பைச் சேரும் இடத்தில் ஒரு பள்ளம். கையை உயர்த்தினால் அக்குளில் இருட்டாக ஒரு சந்து. தசை எங்கே ஓட வேண்டுமோ அங்கெல்லாம் கோடு விழுகிறது. அசையாத ஃபிகரில் சிற்பி தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே ஓட்டமாகத் தசையை இழுத்திருக்கிறார். முறுக்கிய இடுப்புக்கு ஏற்ற மாதிரி துணி மடிகிறது, முடி பறக்கும் திசையில் ஆடையும் பறக்கிறது. மூட்டுள்ள ஃபிகரை எந்த போஸுக்கும் பொதுவாகச் செதுக்குகிறார்கள். அசையாததை ஒரே ஒரு போஸுக்காகச் செதுக்குகிறார்கள். ஷோகேஸில் எப்படியும் ஒரே போஸில்தான் இருக்கப்போகிறது.

அம்மா இதை வேறு விதமாகச் சொன்னார். வருடாவருடம் கொலு வைத்தே பழகியவர். நவராத்திரிக்கு வந்திருந்தபோது என் ஷோகேஸைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, எல்லாத்தையும் ஒரே மட்டத்துல வெச்சா பின்னாடி இருக்கறது யாருக்குத் தெரியும்? பின்னால ரெண்டு படி கட்டு. வாசல்லேர்ந்து பாத்தா ஒவ்வொரு முகமும் தெரியணும்" என்றார். மறுநாளே அக்ரிலிக் ஷீட்டில் இரண்டு படி வெட்டி வாங்கி வந்தேன். ஷோகேஸுக்கு நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது அந்தப் படிதான். கிட்ட வைத்து, கையில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது மூட்டு பிரமாதமாகத் தெரியும். நாலடி தள்ளி நின்று பார்க்கும்போது கண்ணுக்குப் படுவது உருவத்தின் வடிவமும் முகமும் நிறமும்தான். உங்கள் ஷோகேஸ் எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்படும் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். வேலை செய்யும் மேஜையில், கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றே ஒன்று வைக்கப்போகிறீர்கள், அலுத்தபோது எடுத்து வேறு போஸில் வைப்பீர்கள் என்றால், மூட்டுள்ளதைத் தாராளமாக வாங்கலாம். நானே மேஜையில் ஒன்று வைத்திருக்கிறேன்.

அசையாததற்குப் பிரச்சினையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒற்றைக்காலில் நிற்கும் பி.வி.சி. ஃபிகர் கோடையில் அந்தக் கணுக்காலிலேயே மெல்லச் சாயும். திரும்ப வெந்நீர்தான்: சாய்ந்த காலை முக்கி, நேராக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் வைத்தால் இறுகிவிடும். வாங்கும்போதே இரண்டு பாதமும் பீடத்தைத் தொடுகிறதா, அல்லது பறக்கும் துணியோ புகையோ மாதிரி இன்னொரு தாங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பிசுபிசுப்பு. பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் நாளாக நாளாக மேலே கசியும். பெட்டிக்குள்ளேயே மூடி வைத்திருந்தால் அது போக வழியில்லாமல் இன்னும் மோசமாகும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு சொட்டை வெதுவெதுப்பான நீரில் கலந்து, மிருதுவான பிரஷ்ஷால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ஷோகேஸை வாரம் ஒருமுறை கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். மேற்கு வெயில் படும் சுவரில் வைக்கவே வைக்காதீர்கள். நான் என்னுடையதை உள் அறைக்கு மாற்றிவிட்டேன். வெயில் பட்டால் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும், சிவப்பு வெளிறும். வேறு வேறு நிற ஃபிகர்களை ஒன்றோடொன்று உரசும்படி வைத்தால் சாயம் ஏறும், அதை எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

எல்லாக் கதாபாத்திரத்துக்கும் ஒரே பதில் கிடையாது. ஸ்பைடர்மேனுக்கு உடம்பின் வளைவுதான் எல்லாமே. அவனை நேராக நிறுத்தினால் அவனாகவே தெரியாது. அவனை மூட்டோடு வாங்கி, ஸ்டாண்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இயந்திர மனிதர்களுக்கும் மூட்டு பொருந்தும், ஏனென்றால் அவற்றின் உடம்பில் கோடும் ஆணியும் தெரிவதே அழகு. நீள அங்கி போட்ட ஸ்டார் வார்ஸ் வில்லன் டார்த் வேடர், போர்வையால் உடம்பைச் சுற்றி நிற்கும் பேட்மேன் மாதிரி ஆட்களுக்குக் கால் மூட்டு இருந்தும் தெரியப்போவதில்லை. அங்கி கெட்டி ரப்பராக இருந்தால் காலை அசைக்கவும் விடாது. அவர்களுக்கு அசையாத உருவம் போதும். பழைய பாணி ஐந்து மூட்டு ஃபிகர்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். சூப்பர் 7 கம்பெனி ரீஆக்‌ஷன் என்ற பெயரில் அதே மூணேமுக்கால் அங்குல வகையை இன்றும் விடுகிறது. வரிசையாக இருபது பேரை நிறுத்தினால் ஒரு படை நிற்பது மாதிரி இருக்கும். சின்ன ஷோகேஸுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

பழைய ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோக்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். என்னுடையவற்றில் பாதி, இடுப்பில் இரண்டாகப் பிரிந்து கிடந்தன. உடைந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ இருக்கும். கழற்றினால் மார்பு இரண்டாகத் திறக்கும், உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம் கால்களைக் கொக்கியில் இழுத்துப் பிடித்திருக்கும். வருடங்கள் போனால் அந்த ரப்பர் இற்றுவிடும், அவ்வளவுதான். மோட்டார் பம்பு உதிரிபாகக் கடையில் பழைய வளையத்தைக் காட்டி அதே அளவில் ஒன்று கேளுங்கள். ஐந்து பத்து ரூபாய்தான். மாட்டிவிட்டு ஸ்க்ரூவை மரை பிய்ந்துபோகாமல் மெதுவாக முடுக்குங்கள். நாலாயிரம் ரூபாய் ஃபிகரின் முழங்கை உடைந்தால் மாற்றுப் பாகம் லேசில் கிடைக்காது. நாற்பது ரூபாய் காலத்து ஜி.ஐ. ஜோ எழுந்து நிற்கிறது.

விலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70 ஆனது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. இறக்குமதி செய்து விற்பவர்கள் இதையெல்லாம் விலையில் ஏற்றித்தான் சொல்வார்கள். அதனால் இங்கே ஒரு ஃபிகர் உடைந்தால், அதே ஃபிகரை முன்பு வாங்கிய விலைக்குத் திரும்ப வாங்க முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். அசையாதது மூன்று வாங்கும் காசில் மூட்டுள்ளது ஒன்று வருகிறது என்பது என் அனுபவக் கணக்கு. இப்போது ஐந்து வாங்கினால் நான்கு அசையாதவை, ஒன்று மூட்டுள்ளது என்ற அளவில் வைத்துக்கொள்கிறேன்.

மூட்டுள்ளதை செகண்ட் ஹேண்டில் வாங்கப்போகிறீர்கள் என்றால், படம் அனுப்பச் சொல்லாதீர்கள். படத்தில் பின்னால் கம்பி முட்டுக்கொடுத்தும் நிறுத்திவிடலாம். ஸ்டாண்ட் இல்லாமல், வெறும் மேஜைமேல் தானாக நிற்பதை ஒரு நிமிட வீடியோவாகக் கேளுங்கள். அதன்பின் இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். தளர்ந்த தோள் உடனே இறங்கிவிடும். கணுக்காலை அருகில் காட்டச் சொல்லி, வெள்ளையாக வெளிறிய கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் முறிவதற்கு முன் அந்தக் கோடுதான் முதலில் விழும். முழங்காலில் பெயிண்ட் உரிந்து அடி நிறம் தெரிந்தால் நிறைய மடக்கப்பட்டது என்று அர்த்தம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். மாற்றுக் கைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பெட்டியின் பின்பக்கப் படத்தோடு ஒப்பிடுங்கள். கையில் செருகும் அந்தச் சின்ன ஆணி ஒன்று குறைந்தாலும் அந்தக் கை உபயோகமில்லை. வீடியோ அனுப்பத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை.